டூம் மறுபதிப்பு: ஒன்பது வயதுப் பையனோடு சேர்ந்து விளையாடலாமா?

#1 பழைய_பென்டியம்

வணக்கம். ஒரு கேமை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இழுபறி. நான் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் நாலாம் வகுப்பு படிக்கும் பையன். வெளியாள் யாராவது தீர்ப்புச் சொன்னால் தேவலை என்று இங்கே வந்தேன்.

கேம், டூம். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி வெளியிட்ட, பிசாசுகளைச் சுட்டுக்கொண்டே போகும் அதே டூம்தான். அப்போது முதல் எபிசோடை இலவசமாக விட்டிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். அப்படி ஃப்ளாப்பியில் கைமாறிக் கைமாறி 1997-இல் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு ஃப்ளாப்பி எப்போதும் கெட்டுப்போயிருக்கும். அதற்காக இன்னொரு காலேஜ் வரை சைக்கிள் மிதித்தவன் நான்.

2024 ஆகஸ்டில் டூம், டூம் 2 இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் புதுப்பித்து வெளியிட்டார்கள். தள்ளுபடியில் வாங்கி, பத்து மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்த பையன் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "அப்பா, அந்தச் சிவப்புக் கதவுக்குச் சாவி எங்க இருக்கு?" என்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

அன்றிலிருந்து நானும் நானும் என்று ஒரே நச்சரிப்பு. திரையைப் பிரித்து இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் வசதியும் இந்தப் பதிப்பில் இருக்கிறது. எனக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை.

அமெரிக்கச் சான்று வாரியம் இதற்கு எம், அதாவது 17 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. மனைவி அந்த எண்ணைக் காட்டிப் பேச்சை முடித்துவிட்டாள். முப்பது வருடத்துக்கு முந்தைய கட்டம் கட்டமான படம், ரத்தம் என்றால் நாலு சிவப்புப் புள்ளி, இன்றைக்கு யூடியூபில் தானாக வந்து நிற்பதை விடவா இது மோசம் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

#2 பிக்சல்_பாண்டி

இதுக்கெல்லாமா பஞ்சாயத்து? தாராளமா விளையாடுங்க அண்ணே.

ஒரு விஷயம் தெரியுமா? அதில் வரும் ஷாட்கன் நிஜத் துப்பாக்கியே இல்லை. பொம்மைக் கடையில் விற்ற பொட்டுவெடித் துப்பாக்கியைப் போட்டோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே அஞ்சு வயசுப் பிள்ளை கையில் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்துத் தெருவில் சுடவிடுகிறோம். அப்போது யாரும் வயசு கேட்பதில்லை.

மான்ஸ்டர் எல்லாம் தியேட்டர் வாசல் கட்-அவுட் மாதிரி தட்டையான படம். செத்து விழுந்த பிறகு அதைச் சுற்றி நடந்து பாருங்கள், எந்தப் பக்கம் போனாலும் பிணம் நம்மையே பார்த்தபடி திரும்பிக்கொள்ளும். சிரிப்புத்தான் வரும்.

#3 இருபிள்ளைத்தாய்

பாண்டி சார், உங்களுக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அது அட்டை என்று உங்களுக்குத் தெரியும்.

பென்டியம் சார், உங்கள் மனைவி எண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் விளையாடிப் பார்த்துச் சொல்கிறேன், இரண்டாவது எபிசோடு வரைக்கும். ரத்தப் புள்ளி பிரச்சினையே இல்லை. சுவரோரம் கொக்கியிலும் கழியிலும் மனித உடலைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதில் சிலது இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் சுடுவதில்லை, சண்டையும் இல்லை. சும்மா அலங்காரத்துக்கு. என் மகன் அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இவங்கள காப்பாத்த முடியாதாம்மா?" என்றான். முடியாது. கேமில் அதற்கு ஒரு பட்டனும் இல்லை.

அப்போது அவனுக்கு வயது பதினொன்று.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். விளையாட ஆசைப்படுவது பையனா, ஹாஸ்டல் பையனா?

#4 பழைய_பென்டியம்

அக்கா, அந்தக் கடைசிக் கேள்வியை மனைவியிடம் காட்டிவிட்டேன். உங்களுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்பட்டிருக்கிறாளாம்.

தொங்கும் உடல்கள் இருப்பதே எனக்கு நினைவில்லை. சத்தியமாக. எத்தனை தடவை அந்த வழியாக ஓடியிருப்பேன்.

#5 ரயில்பெட்டி

இந்த மாதிரி கேமை எல்லாம் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டதாகப் பேப்பரில் படித்தேனே?

#6 சட்டம்_கொஞ்சம்_தெரியும்

ரயில்பெட்டி, அது பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு. 18 வயதுக்குக் கீழே ஆடக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே ஆடக்கூடாது என்று 2025-இல் விதி வந்தது. டூமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொல்லப்போனால் நம் ஊரில் உள்ள ஓட்டையே வேறு. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது, யு/ஏ சான்றையே 2024-இல் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தும் விட்டார்கள். வீடியோ கேமுக்கு அப்படிச் சட்டப்படியான வாரியம் இந்தியாவில் இல்லை. ஆண்ட்ராய்டு போனின் பிளே ஸ்டோரில் நாம் பார்க்கும் 7+, 12+, 16+ எல்லாம் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றின் முறைப்படி வருவது. கேம் தயாரித்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார், அந்த பதிலை வைத்து எண் விழும். ஆக நம் வீட்டுக்கு வரும் எண் எதுவானாலும் வேறு ஊர்க்காரர் கணக்குத்தான். அதற்காக மதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவில் அந்த வாரியம் பிறந்த கதையும் இதோடு ஒட்டியதுதான். 1993 டிசம்பர் 9 அன்று வன்முறை கேம்களைப் பற்றி செனட்டில் விசாரணை. மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமைக் காட்டி செனட்டர் ஜோ லீபர்மேன் காய்ச்சி எடுத்தார். மறுநாள், டிசம்பர் 10, டூம் வெளியானது. 1994-இல் கேம் கம்பெனிகளே சேர்ந்து சான்று வாரியத்தை அமைத்தன. டூம் அதற்கு மூத்தது.

#7 ஸ்டுட்கார்ட்_சுபா

நான் இருப்பது ஜேர்மனியில். இங்கே டூமுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1994-இல் இளையோருக்குக் கேடானவை என்ற பட்டியலில் போட்டார்கள். பட்டியலில் ஏறினால் கடையில் வெளியே வைத்து விற்க ஏலாது, விளம்பரமும் கூடாது. 2011-இல்தான் எடுத்தார்கள், பிறகு 16 வயதுக்கு மேல் என்று சான்று கிடைத்தது. எடுத்ததற்குச் சொன்ன காரணம் வேடிக்கை. படம் பழசாகிப் போய்விட்டது, இனி இது வரலாற்று ஆர்வத்துக்குரிய பொருள், இன்றைய பிள்ளைகளை இழுக்காது என்று.

அப்படியென்றால், அதே பழசைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் பிள்ளைகளை இழுக்கும்படி செய்துவிட்டால்? ஒன்பது வயதுப் பிள்ளை இரவில் தண்ணீர் குடிக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டான் என்றுதானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

#8 பிக்சல்_பாண்டி

நல்ல பாயின்ட், ஆனால் 16-ஐயும் 17-ஐயும் வைத்துப் பயமுறுத்தாதீர்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரத்துச் சொச்சம் பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் முடிவு. நிஜ வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் சொல்லிவிட்டது.

#9 இருபிள்ளைத்தாய்

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சார். இங்கே கேள்வி ஒன்பது.

அதே உளவியல் சங்கம் வன்முறை கேமுக்கும் கத்தல், தள்ளல் போன்ற சின்ன முரட்டுத்தனத்துக்கும் லேசான தொடர்பு இருப்பதாகவும் சேர்த்தே சொன்னது. பாதியை விட்டுவிட்டீர்கள். நான் அதை வைத்தும் வாதாடப் போவதில்லை. என் மகன் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அழுதான். எங்கே தெரியுமா? முதல் எபிசோடின் கடைசியில். மூன்று நாள் முயற்சி செய்து அந்த இரண்டு பெரிய பிசாசுகளையும் கொன்றான். வீடே அதிரக் கத்தினான். அடுத்து மேடையில் ஏறி நின்றால் ஒரு இருட்டறை. சுற்றி நின்று அடிக்கிறார்கள். எதுவும் செய்ய முடியாது, கேம் அப்படியே முடிகிறது. ஜெயித்தவனைக் கொன்று கதையை முடிக்கிறார்கள். 1993-இல் பெரியவர்களுக்கு அது அடுத்த எபிசோடை விற்கும் தந்திரம். பிள்ளைக்கு அது ஏமாற்று. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

வயதுச் சான்றில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

#10 நள்ளிரவு_நிரலர்

எல்லோரும் 1993 கேமைப் பற்றியே பேசுகிறீர்கள். பென்டியம் சார் வாங்கியது மறுபதிப்பு. அதில் என்ன மாறியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

படம் அதிகம் மாறவில்லை. அதே கட்டங்கள்தான், ஓரம் கூர்மையாக இருக்கும். ஓட்டம்தான் மாறிவிட்டது. பழையது நொடிக்கு 35 ஃப்ரேம், அதாவது 35 படம், இது 120 வரை போகும். சின்ன மானிட்டரில் திக்கித் திக்கி வந்தது இப்போது ஐம்பத்தைந்து அங்குல டிவியில் வழுக்கிக்கொண்டு வருகிறது. சில பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி வரும், என் தங்கை மகளுக்கு வந்தது. தள்ளி உட்காரவைத்து, லைட்டைப் போட்டுவிட்டு ஆடவையுங்கள். இசையும் இரண்டு வகை இருக்கிறது. புதிதாகச் சேர்த்த மெட்டல் கிட்டார் இசையை மாற்றிவிட்டுப் பழைய மிடி இசையை வையுங்கள், பாதிப் பயம் குறையும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஒன்று, ஆன்லைனில் 16 பேர் வரை சேர்ந்து ஆடலாம். முன்பின் தெரியாத ஆள் எப்படி நடந்துகொள்வான் என்று எந்த வாரியமும் சான்று தர முடியாது. இரண்டு, மோட். கேமுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது, உலகெங்கும் ரசிகர்கள் செய்த லெவல்களை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அதில் அற்புதமானவை இருக்கின்றன, என் ராத்திரிகள் பல அதில்தான் போயின. ஆனால் எம் என்ற எழுத்து பெட்டியில் உள்ள கேமுக்குத்தான், அந்தப் பட்டியலுக்கு அல்ல. பையனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு நீங்கள் காபி போடப் போகிற அந்த ஐந்து நிமிடத்தில் அவன் அங்கேதான் போவான்.

ஸ்டீமில் (கேம் விற்கும் இணையக் கடை) குடும்பக் கணக்கு வசதி இருக்கிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு போட்டு, எந்தக் கேம், எத்தனை மணி நேரம் என்று கட்டுப்படுத்தலாம். பெரும்பாலோர் செய்வது அப்பாவின் கணக்கிலேயே பிள்ளையையும் உட்காரவைப்பது. பிறகு எல்லாமே திறந்த வீடுதான்.

சரி, மாற்று ஒன்று சொல்கிறேன். செக்ஸ் க்வெஸ்ட் என்று ஒன்று உண்டு (உச்சரிப்பைப் பார்த்து முறைக்காதீர்கள், அது ஒரு காலை உணவு சீரியலின் பெயர்). 1996-இல் அமெரிக்காவில் அந்த சீரியல் டப்பாவுக்குள் சிடி போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது டூம் என்ஜினேதான். அதே கதவு, அதே சாவி, அதே ஓட்டம். ஆனால் எதிரிகள் பச்சைச் சளி உருண்டைகள். சுட்டால் சாகமாட்டார்கள், அவர்களுடைய உலகத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள். 2020-இல் அதையும் புதுப்பித்து ஸ்டீமில் இலவசமாக விட்டார்கள். திரையைப் பிரித்து ஆடவும் முடியும். முதலில் இதில் உட்காரவையுங்கள்.

#11 பிக்சல்_பாண்டி

சளி உருண்டை! சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி கேம் பெட்டிக்கு வுல்ஃபன்ஸ்டைன் 3டி (டூமுக்கு முந்தைய சுடும் கேம்) வந்தபோது நடந்தது ஞாபகம் வருகிறது. ரத்தம் கூடாது என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது, நாயைச் சுடுவதும் கூடாதாம். நாயை எடுத்துவிட்டு ராட்சத எலி வைத்தார்கள். எலி என்றால் பரவாயில்லை. எலிக்கு யார் கேட்பார்கள்?

அந்தக் கேமில் கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆக எளியதற்கு என்ன பெயர் தெரியுமா? "அப்பா, நான் விளையாடட்டுமா?" பக்கத்தில் கதாநாயகன் வாயில் சூப்பான்.

#12 ஸ்டுட்கார்ட்_சுபா

ஒன்று சொல்ல மறந்தேன். எங்கள் வீட்டில் டூம் ஆடுவதில்லை, அதற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை. அம்மம்மா எங்களோடு இருக்கிறா. 2009-இல் வன்னியிலிருந்து வந்தவ. மூத்தவன் ஒருநாள் சத்தத்தைக் கூட்டி வைத்து வேறு ஏதோ சுடுகிற கேம் ஆடினான். நான் குசினியில் நின்றேன். அம்மம்மா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை.

மகனை நான் ஏசவில்லை. ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அவனே அதற்குப் பிறகு காற்பந்து கேமுக்கு மாறிவிட்டான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், அவ்வளவுதான்.

#13 பழைய_பென்டியம்

சுபா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

#14 ஓய்வுபெற்ற_வாத்தியார்

முப்பத்தொரு வருடம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவன். கேம் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். விளையாடி முடித்த மறுநாள், "நேத்து என்ன பார்த்தே, தாத்தாவுக்குக் கதையாச் சொல்லு" என்று கேளுங்கள். எதைச் சொல்கிறான் என்பதோடு எதை விட்டுவிட்டான் என்றும் பாருங்கள். பயந்த இடத்தைப் பிள்ளை தாண்டிப் போய்விடும். படம் வரையச் சொன்னால் இன்னும் சுலபம்.

#15 பழைய_பென்டியம்

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவியும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பகல் பதினொரு மணி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், அவளும் சோபாவில் இருப்பாள், வேண்டாம் என்று யார் சொன்னாலும் உடனே நிறுத்த வேண்டும்.

முதலில் அந்த சீரியல் கேம். ஒன்றரை மணி நேரம் ஆடினான், ஏகச் சிரிப்பு. பிறகு டூமில் முதல் இரண்டு லெவல் மட்டும், ஆக எளிய நிலையில்.

சுடுவதில் அவனுக்குப் பெரிய ஆர்வமே இல்லை. கதவு, சாவி, சுவரில் ஒளிந்திருக்கும் ரகசிய அறை, இவைதான். சுவரோரமாக உரசிக்கொண்டே போய் ஒவ்வொரு அடிக்கும் பட்டனைத் தட்டிப் பார்க்கிறான். நெருப்புருண்டை எறியும் பழுப்புப் பிசாசைப் பார்த்து, "இது பல்லி மாதிரி இருக்கு" என்று தாண்டிப் போனான். நான் ஜெயித்துவிட்டேன் என்று மனைவியைப் பார்த்தேன்.

அப்புறம்தான் அவன் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். திரையின் கீழே நடுவில் நாம் ஆடும் அந்தச் சிப்பாயின் முகம் இருக்குமே, அடிபட அடிபட மூக்கில், நெற்றியில் ரத்தம் வழியும். இவன் எதிரியைப் பார்ப்பதை விட அதிகமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அப்பா, மாமாவுக்கு வலிக்குதுப்பா. மருந்து எங்க இருக்கு?" என்று வந்த வழியெல்லாம் திரும்ப ஓடுகிறான், மருந்துப் பெட்டி தேடி. நான் முப்பது வருடமாக அந்த முகத்தை பெட்ரோல் முள் மாதிரித்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, அடியே படாமல் செய்துவிடலாம் என்று பழைய ரகசியக் குறியீட்டைத் தட்டினேன். ஐடிடிக்யூடி. விரல் மறக்கவில்லை. ரத்தம் நின்றது. ஆனால் அந்தக் குறியீட்டைப் போட்டால் சிப்பாயின் கண் இரண்டும் மஞ்சளாக ஒளிரும், அது நினைவில் இல்லை. பையன் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தான். "மாமாவும் பேயாயிட்டாரா?"

அதோடு நிறுத்திவிட்டோம்.

வாத்தியார் ஐயா சொன்னபடி மறுநாள் வரையச் சொன்னேன். பச்சைச் சளி உருண்டை நாலு, ரகசியக் கதவு ஒன்று, சாவி மூன்று நிறத்தில். முகம் இல்லை.

டூம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. இன்னும் மூன்று நான்கு வருடம் கழித்து அவனே கேட்டால் பார்க்கலாம். சளி உருண்டை கேம் வாரம் இரண்டு நாள். மோட் பட்டியலை நான் தனியாக மேய்ந்துகொண்டிருக்கிறேன், கதவும் சாவியுமாகப் புதிர் மட்டும் உள்ளது ஏதாவது கிடைக்குமா என்று. நிரலர் சாருக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

#16 இருபிள்ளைத்தாய்

மருந்துப் பெட்டி தேடி ஓடினானா! அவனுக்கு ஒரு முத்தம் கொடுங்கள்.

#17 பிக்சல்_பாண்டி

சரி, நான் தோற்றேன். ஆனால் அண்ணே, நீங்க மட்டும் ராத்திரி ஆடுறீங்கதானே?

#18 பழைய_பென்டியம்

பையன் தூங்கி, கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகு. முதல் எபிசோடின் எட்டாவது லெவலில் மூன்று நாளாக நிற்கிறேன். இரண்டு பிசாசும் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன, ஒன்றைக் கவனிப்பதற்குள் இன்னொன்று முதுகில்.

#19 நள்ளிரவு_நிரலர்

ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வட்டமாக ஓடிக்கொண்டே சுடுங்கள், ரொம்பக் கிட்டே போய்ச் சுட்டால் உங்களுக்கே அடி. மோட் இரண்டு மூன்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன், நான் முழுதாக ஆடிப் பார்த்துவிட்டு.

#20 இருபிள்ளைத்தாய்

ஜெயித்த பிறகு அந்த மேடையில் ஏறாதீர்கள் சார். அப்படியே அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.